10 யூனிட்டுக்கு 319 ரூபாய்! மாடிக்குத் தனி மீட்டரா, சோலாரா?

குழுவில் இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். மதுரை ஆனையூர்ப் பக்கம் சொந்த வீடு. கீழே நாங்க, மாடியில் தம்பி குடும்பம். மீட்டர் ஒண்ணுதான்.

எப்பவும் ரெண்டு மாசத்துக்கு 450, 470 யூனிட்டில் நிற்கும். இந்தத் தடவை சித்திரைத் திருவிழாவுக்கு ஊர்ச்சனம் பூரா நம்ம வீட்டில்தான். அழகர் ஆத்தில் இறங்கின மறுநாளும் யாரும் கிளம்பலை, ஏசியும் நிற்கலை. வெள்ளை அட்டையில் எழுதிட்டுப் போனதைப் பார்த்தா 510.

500-ல் நின்றிருந்தா 1,805 ரூபாய். இப்போ 2,124. கூடுதல் 10 யூனிட்டுக்கு 84 ரூபாய்தானேன்னு நினைச்சேன். 500-ஐத் தாண்டினதும் 101-லிருந்து 200 வரைக்குமான 2.35 ரூபாய் சலுகை விலை போய் அதுவும் 4.70 ஆயிடுது. அங்கேயே 235 ரூபாய் காலி. முதல் 100 இலவசம் மட்டும் தப்பிச்சுது.

தம்பி மாடிக்குத் தனி இணைப்பு கேட்கலாம்ங்கிறான். மாடிக்குத் தனிச் சமையலறை இருக்கு, படி வெளியே. ரேஷன் கார்டும் தனி. நான் 2 கிலோவாட் சோலார் போடலாம்ங்கிறேன், 60,000 ரூபாய் மத்திய மானியம் இருக்கே. அம்மாவுக்கு ரெண்டுமே தண்டச்செலவு.

மதுரையில் சமீபத்தில் மாடிக்குத் தனி இணைப்பு வாங்கினவங்க யாராவது இருக்கீங்களா? என்னென்ன காகிதம் கேட்டாங்க, மொத்தம் எவ்வளவு ஆச்சு? ஸ்மார்ட் மீட்டர் வரட்டும்னு காத்திருக்கலாமா, இல்லை இப்பவே எழுதிக் கொடுத்திடலாமா? சோலார் போட்டவங்க பழைய பில்லையும் புதுப் பில்லையும் சேர்த்துப் போட்டா அம்மாகிட்ட காட்டிக்குவேன்.