'வந்திருக்க வேண்டும்': மஸ்ட் ஹேவா, ஷுட் ஹேவா?

கேள்வி:
வணக்கம். 'பார்சல் நேற்றே வந்திருக்க வேண்டும்' என்பதை அலுவலக மின்னஞ்சலில் 'தி பார்சல் மஸ்ட் ஹேவ் அரைவ்ட் யெஸ்டர்டே' என்று எழுதினேன். இன்னும் வரவில்லை என்று முறையிடுவதே என் நோக்கம். மேலாளரோ வந்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டார். பிழை எங்கே என்று விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
தமிழில் ஒரே தொடர் இரண்டு வேலைகளைச் செய்வதால் நேர்ந்த பிழை இது. வாசலில் செருப்பைப் பார்த்துவிட்டு 'அண்ணன் வந்திருக்க வேண்டும்' என்றால் அது ஊகம். 'அண்ணன் நேற்றே வந்திருக்க வேண்டும், வரவில்லை' என்றால் அது நடக்காமற்போனதைப் பற்றிய குறை. நாம் இவற்றைச் சூழலைக் கொண்டே பிரித்தறிகிறோம். ஆங்கிலமோ ஊகத்துக்கு மஸ்ட் ஹேவ், குறைக்கு ஷுட் ஹேவ் என வினையிலேயே பிரித்துவிடுகிறது. ஆகவே நீங்கள் எழுதியதை, 'நேற்று வந்துவிட்டது போலும்' என்றுதான் எவரும் படிப்பார்கள்.

பதில் 2:
சரியான விளக்கம். எனினும் ஷுட் ஹேவ் என்பதும் சில இடங்களில் 'இந்நேரம் வந்திருக்கும்' என்ற எதிர்பார்ப்பைக் குறிக்கக்கூடும் என்பதால், 'பட் இட் ஹேஸ் நாட்' என்பதையும் சேர்த்துவிடுவது நல்லது. 'வந்திருக்க முடியாது' என்ற ஊகத்துக்குப் பிரிட்டிஷ் வழக்கில் கான்ட் ஹேவ் என்பதே இயல்பு. 'நான் நேற்று போக வேண்டியிருந்தது' என்பது வேறு. அங்கே ஹேட் டு வரும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. 'ஷுட் ஹேவ் அரைவ்ட் யெஸ்டர்டே, பட் இட் ஹேஸ் நாட்' என்று திருத்தி, மேலாளருக்கு மீண்டும் அனுப்பியிருக்கிறேன்.