சிங்கப்பூர், ஈசூன் வீட்டு ஜெபக்குழு

வியாழன்

காலை 6.12 – மேரி அக்கா: ரூபி பாட்டி இன்று அதிகாலை கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். வீட்டில்தான். சின்ன மகனும் பாட்டியைப் பார்த்துக்கொண்ட லில்லியும் கூட இருந்தார்கள். பெர்த்தில் இருக்கும் பெரிய மகனுக்குச் சொல்லியாகிவிட்டது.

6.15 – எஸ்தர் ஆண்டி: ஐயோ. செவ்வாய்க்கிழமைதானே கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுசாகக் குடித்தார்கள்.

6.16 – பால்: ரொம்ப வருத்தமாக இருக்கிறது. டாக்டர் வந்தாயிற்றா?

6.20 – மேரி அக்கா: வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

6.24 – சாம்: அப்படியென்றால் பதிவுக்கு அலைய வேண்டாம் அக்கா. 2022 மே 29 முதல் டாக்டர் சான்று கொடுத்ததுமே மரணம் தானாகப் பதிவாகிவிடும். சான்றிதழை அரசாங்கத்தின் மை லெகஸி இணையத்தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். சின்ன மாமாவுக்கு நான் காட்டிக்கொடுக்கிறேன்.

6.31 – மேரி அக்கா: நல்லது தம்பி. நான் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன். முழங்கால் ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் நடக்கப் பழகுகிறேன். இந்த முறை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

6.33 – ஜெபா: சரி அக்கா

6.33 – பால்: சரி

6.40 – சாம்: சரி

7.05 – எஸ்தர் ஆண்டி: எல்லாரும் சரி என்றால் யார் எதைப் பார்ப்பது?

7.08 – ஜெபா: மேரி அக்கா, வழக்கமாக நீங்கள் என்னென்ன செய்வீர்கள்?

7.21 – மேரி அக்கா: முதலில் அடக்கக் காரியம் பார்க்கும் கம்பெனிக்குப் பேச வேண்டும். துக்கம் நடத்த புளோக்கின் கீழ்த்தளத் திறந்தவெளிக்கு, வாய்ட் டெக்குக்கு, டவுன் கவுன்சில் அனுமதியை அவர்களே வாங்குவார்கள், ஆனால் எந்தப் பக்கம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். லிஃப்ட் பக்கம் வேண்டாம், மூன்றாம் மாடிச் சீனத் தாத்தா சக்கர நாற்காலியில் போய்வர இடம் வேண்டும். ஆயருக்கு நேரம் சொல்ல வேண்டும். பாட்டுத் தாள் பெரிய எழுத்தில். தண்ணீர், கடலை, டீ. ராத்திரி உட்கார ஆள். வீட்டு ஆட்கள் சாப்பிட்டார்களா என்று யாராவது கேட்க வேண்டும், அவர்களாகச் சாப்பிட மாட்டார்கள். அப்புறம் பாட்டி தன் மூக்குக்கண்ணாடியைப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லியிருந்தார்கள். அலமாரியில் இரண்டாவது தட்டு, நீலக் கைக்குட்டையில் சுற்றியிருக்கும்.

7.24 – எஸ்தர் ஆண்டி: இவ்வளவையும் நீ ஒருத்தியா பார்த்தாய்?

7.25 – மேரி அக்கா: ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது ஆண்டி.

7.48 – தேவராஜ் அங்கிள்: அன்பானவர்களே, ஸ்தோத்திரம். நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். நெகேமியா 3ஆம் அதிகாரத்தை வெறும் பெயர்ப் பட்டியல் என்று நாம் புரட்டிவிட்டுப் போய்விடுகிறோம். எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலை, யார் யார் கட்டினார்கள் என்று பாருங்கள். பிரதான ஆசாரியன் எலியாசிப் ஆட்டுவாசலைக் கட்டுகிறான். தட்டான் ஒரு பங்கு, தைலக்காரன் ஒரு பங்கு. சல்லூம் தன் குமாரத்திகளோடு வந்து நிற்கிறான். கல்வேலை தெரிந்தவர்களா இவர்கள்? பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இடிந்து கிடந்ததையே எடுத்துக் கட்டினார்கள். தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை, அதுவும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதே ஊர் ஜனங்கள் தங்கள் பங்கை முடித்துவிட்டு 27ஆம் வசனத்தில் இன்னொரு பங்கையும் எடுக்கிறார்கள். 52 நாளில் அலங்கம் முடிந்தது. நம் குழுவில் மேரி ஒருத்தியே சுற்றுமதில் முழுவதையும் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நாம் அதைப் பார்த்து ‘என்ன பக்தி’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அப்போஸ்தலர் 6இல் பந்தி விசாரிப்புக்கே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். நமக்கு ஒருத்தி போதும் என்று யார் சொன்னது?

7.50 – பால்: ஆமென் அங்கிள். வேன் நான் பார்த்துக்கொள்கிறேன். நாற்காலி பத்தாவிட்டால் சபையிலிருந்து ஏற்றி வருகிறேன்.

7.51 – சாம்: வெள்ளி, சனி ராத்திரி நான் உட்காருகிறேன். ஞாயிறு ராத்திரி ராணுவ முகாமுக்குத் திரும்ப வேண்டும்.

7.53 – ஜெபா: பாட்டுத் தாளும் கம்பெனியும் நான். கண்ணாடியும்.

7.55 – எஸ்தர் ஆண்டி: சாப்பாடு?

7.56 – ஜெபா: கேட்டரிங் சொல்லிவிடலாமே ஆண்டி

7.56 – எஸ்தர் ஆண்டி: பாட்டி கையால் சாப்பிடாதவர் இந்தக் குழுவில் யார்? நான் சமைக்கிறேன். சபையின் பெரிய அண்டா எங்கே?

8.02 – பால்: அறுப்பின் பண்டிகைக்கு உட்லண்ட்ஸ் ராஜன் அண்ணன் எடுத்துப்போனார்.

8.03 – எஸ்தர் ஆண்டி: அப்படியா. சரி, சின்னச் சட்டியில் இரண்டு தடவை வைக்கிறேன்.

8.03 – பால்: ஆண்டி, பாடகர் குழு விஷயம் நடந்து எத்தனை வருஷம் ஆயிற்று

8.04 – எஸ்தர் ஆண்டி: நான் ஒன்றும் சொல்லவில்லையே.

8.30 – ஜெபா: சின்ன மாமா கேட்கிறார், அடக்கமா தகனமா? பெர்த் மாமா புதைக்கத்தான் வேண்டும் என்கிறாராம்.

8.41 – தேவராஜ் அங்கிள்: சுவா சூ காங் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கலாம். ஆனால் 1998இல் வந்த விதிப்படி 15 ஆண்டுதான். அதற்குப் பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள். தாத்தாவை அப்படித்தான் எடுத்தோம், நான் கூட நின்றேன். எலும்பை எரித்து, சாம்பலை அங்கேயே அஸ்தி மாடத்தில் வைத்தார்கள்.

8.44 – மேரி அக்கா: பாட்டி என்னிடம் ‘தாத்தா பக்கத்தில்’ என்றுதான் சொன்னார்கள்.

8.45 – சாம்: அப்படியென்றால் மண்டாயில் தகனம், பிறகு அதே மாடமா? இடம் இருக்குமா?

8.47 – தேவராஜ் அங்கிள்: கேட்டுப் பார்க்க வேண்டும். பெரியவர் நாளை சாயங்காலம் வந்து இறங்கட்டும். பிள்ளைகள் இருவரும் உட்கார்ந்து பேசட்டும். நாம் முந்திக்கொண்டு எதையும் பதிவு செய்ய வேண்டாம்.

9.10 – ஜெபா: இன்னொன்று. லில்லி அக்காவின் சபையிலிருந்து, ஓபிர் சாலை லூர்து மாதா ஆலயத்துப் பெண்கள், வெள்ளி மாலை ஜெபமாலை சொல்ல வருகிறார்களாம்.

9.12 – எஸ்தர் ஆண்டி: மெதடிஸ்ட் வீட்டுத் துக்கத்தில் ஜெபமாலையா? ஆயர் என்ன சொல்வார்?

9.20 – தேவராஜ் அங்கிள்: 1888இல் கட்டிய நாளிலிருந்து அது தமிழ்க் கத்தோலிக்கர்களின் ஆலயம். என் தகப்பனார் காலத்தில் துக்கம் என்றால் அவர்கள் இங்கே வருவார்கள், நாம் அங்கே போவோம்.

9.22 – மேரி அக்கா: பாட்டி படுக்கையில் விழுந்த பிறகு குளிப்பாட்டியது, நகம் வெட்டியது, ராத்திரி புரட்டிப் படுக்க வைத்தது எல்லாம் லில்லிதான் ஆண்டி. நாம் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாடிவிட்டு வந்தோம்.

9.23 – பால்: 7 மணிக்கு அவர்கள், 8 மணிக்கு நாம். பத்து மணிக்கு மேல் பாட்டு வேண்டாம், மேலே குழந்தைகள் தூங்கும்.

9.24 – ஜெபா: ஆயரிடம் யார் சொல்வது?

9.31 – தேவராஜ் அங்கிள்: நான் பேசுகிறேன்.

9.52 – எஸ்தர் ஆண்டி: அவர்கள் எத்தனை பேர் வருவார்கள்?

9.53 – ஜெபா: 20 பேர் இருக்கலாம் ஆண்டி. எதற்கு?

9.55 – எஸ்தர் ஆண்டி: டீ அவர்களுக்கும் சேர்த்துத்தானே போட வேண்டும். பால், ராஜன் நம்பரை அனுப்பு. அண்டாவை நான் கேட்கிறேன்.

9.55 – பால்: அனுப்பிவிட்டேன்

9.58 – சாம்: தகனம் திங்கள் என்றால் ஞாயிறு ராத்திரிக்கு ஆள் இல்லையே.

10.03 – பால்: திங்கள் காலை வேலை இருக்கிறது. மாற்ற முடியுமா என்று கேட்டுச் சொல்கிறேன்.

10.04 – மேரி அக்கா: டாக்டர் விட்டால் நான் வருகிறேன்.

10.04 – எஸ்தர் ஆண்டி: நீ படு.