மறுமொழி: ஸ்டேஜிங், ஸ்டேஜ் மைக்ரேஷன் - தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். புற்றுநோய் உடலில் எதுவரை போயிருக்கிறது என்று பார்த்து அதன் நிலையைச் சொல்வது ஸ்டேஜிங். புதிய கருவியால் பார்த்ததும் அதே நோய் வேறு நிலையில் வைக்கப்படுவது ஸ்டேஜ் மைக்ரேஷன். இந்த இரண்டுக்கும் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> ஸ்டேஜிங் என்பதற்கு 'நிலையாக்கம்', ஸ்டேஜ் மைக்ரேஷன் என்பதற்கு 'நிலைமாற்றம்' என்று வைத்துக்கொள்ளலாமே.

ஐயா, முதல் சொல் காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டேஜிங்கில் யாரும் எதையும் ஆக்குவதில்லை. உடலுக்குள் இருப்பதை அறியப் பார்க்கிறோம், அவ்வளவே. இரண்டாவது சொல்தான் எனக்குக் கவலை தருகிறது. 'நிலைமாற்றம்' என்று அறிக்கையில் படிக்கும் நோயாளி, நோய் முற்றிவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார். உண்மையில் நோய் அப்படியே இருக்கிறது, பார்த்த கருவிதான் வேறு.

புராஸ்டேட் புற்றுநோயையே எடுத்துக்கொள்வோம். அறுவைக்கு முன் நோய் எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க நெடுங்காலமாக சிடி ஸ்கேனும் எலும்பு ஸ்கேனும்தான். சிடி நிணநீர் முடிச்சின் அளவைப் பார்க்கிறது. வீங்காத முடிச்சுக்குள் புற்று இருந்தால் கோட்டை விட்டுவிடும். எலும்பு ஸ்கேனோ எலும்பு புதிதாக வளரும் இடங்களையெல்லாம் காட்டும். மூட்டுவாதமும் பழைய முறிவும்கூட அதில் ஒளிரும். புதிதாக வந்த பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேனில், உடலுக்குள் செலுத்தும் கதிரியக்க மருந்து புற்றணுவின் மேற்பரப்பில் மிகுந்திருக்கும் பிஎஸ்எம்ஏ என்ற புரதத்தைத் தேடிப் போய் ஒட்டுகிறது. எம்ஆர்ஐயின் வேலை தனி: கட்டி புராஸ்டேட் சுரப்பியின் உறையைத் தாண்டியதா, விந்துப்பைக்குள் நுழைந்ததா என்பதை அதுதான் நன்றாகச் சொல்லும்.

ஆஸ்திரேலியாவில் 10 மையங்களில் 302 பேரிடம் நடந்த புரோபிஎஸ்எம்ஏ ஆய்வு 2020இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எல்லோரும் அதிக ஆபத்துப் பிரிவினர், அறுவை அல்லது கதிர்வீச்சுக்குக் காத்திருந்தவர்கள். பரவல் உண்டா இல்லையா என்பதில் பழைய இரு ஸ்கேன்களும் சேர்ந்து 65% துல்லியம், பிஎஸ்எம்ஏ பெட் சிடி 92%. 'உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்ற முடிவுகள் 23%இலிருந்து 7%க்கு இறங்கின. கதிர்வீச்சு அளவும் பாதிக்கும் குறைவு: 19.2க்குப் பதில் 8.4 மில்லிசீவர்ட்.

இதைப் படித்ததும் புதிய ஸ்கேன் சொல்வதே இறுதி நிலை என்று தோன்றும். தோன்றக் கூடாது. அமெரிக்காவில் யுசிஎஸ்எஃப், யுசிஎல்ஏ ஆகிய இரு கலிபோர்னியாப் பல்கலைக்கழக மையங்களில் பிஎஸ்எம்ஏ பெட் எடுத்தபின் அறுவை செய்துகொண்ட 277 பேரின் முடிவுகள் 2021இல் வந்தன. இடுப்பறை முடிச்சுகளில் நோய் இல்லாதவர்களில் 95% பேருக்கு ஸ்கேனும் இல்லை என்றே சொன்னது. ஆனால் நோய் இருந்தவர்களில் ஏறத்தாழ 40% பேரிடம்தான் அது கண்டுபிடித்தது. மிச்சம் வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் தெரிந்தது.

> 'நிலைக்கணிப்பு' எப்படி? உறுதியில்லை என்பதும் அதில் வந்துவிடுகிறதே.

யோசித்தேன் அம்மா. ஆனால் நோய் இனி எப்படிப் போகும் என்று சொல்லும் ப்ரோக்னோசிஸுக்கு 'முன்கணிப்பு' ஏற்கெனவே ஊன்றிவிட்டது. ஒரே அறிக்கையில் இரண்டு கணிப்பும் வந்தால் குழப்பம். போதாததற்கு, கணிப்பு என்றாலே வரப்போவதைச் சொல்வது என்றுதான் நம் காது கேட்கிறது. தேர்தல் காலத்தில் சொல்லவே வேண்டாம்.

டயக்னோசிஸ் 'நோயறிதல்' ஆகிப் புழங்குகிறது. அதன் பக்கத்திலேயே ஸ்டேஜிங்கை நிலையறிதல் என்று வைப்போம். அறிந்து சொன்ன நிலைக்கு அறிநிலை. இது வினைத்தொகை, அறிந்த, அறிகின்ற, அறியும் என்று முக்காலமும் உள்ளே கிடக்கிறது. நேற்று சிடி சொன்னதும், இன்று பெட் சொல்வதும், நாளை வெட்டியெடுத்த திசுவைப் பார்த்து நோய்க்கூறியலாளர் சொல்லப்போவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும்.

அப்படியானால் ஸ்டேஜ் மைக்ரேஷன் அறிநிலைப் பெயர்ச்சி. குருப்பெயர்ச்சி நினைவுக்கு வருகிறதே என்பீர்கள். வரட்டும், இங்கும் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு இடம் மாறுவதுதான் பொருள். 'நோய்' என்ற சொல் அதில் இல்லாதது நல்லது.

இந்தப் பெயர்ச்சி கணக்கில் செய்யும் கண்கட்டு வேலைக்காகத்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். ஓர் எடுத்துக்காட்டு: பரவாதவர் என்று எழுதப்பட்ட மூவர் 10, 8, 6 ஆண்டுகள் வாழ்கிறார்கள், சராசரி 8. பரவியவர் இருவர் 4, 2, சராசரி 3. புதிய ஸ்கேன், 6 ஆண்டுக்காரருக்கும் பரவல் இருந்தது என்று காட்டி அவரைப் பரவியவர் பிரிவுக்கு மாற்றுகிறது. இப்போது சராசரிகள் 9, 4. இரண்டு பிரிவும் முன்னேறிவிட்டன, ஒருவரும் ஒரு நாள்கூட அதிகம் வாழவில்லை! 1985இல் மருத்துவ ஆய்வாளர் ஃபைன்ஸ்டைன் குழுவினர் இதற்கு அமெரிக்க நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸின் பெயரை வைத்தார்கள். 'நிலைமாற்றம்' என்று எழுதினால் இந்த விளக்கம் முதல் வரியிலேயே தடுக்கி விழும்.

நோயை முன்பு எழுதியதைவிட முற்றிய நிலையில் வைக்கும் அப்ஸ்டேஜிங்குக்கு 'அறிநிலை உயர்வு' எழுதிப் பார்த்தேன், பிடிக்கவில்லை. உயர்வு என்றால் நல்ல செய்தி போல ஒலிக்கிறது. 'அறிநிலை மிகுதல்'? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மறுபடி நிலை பார்க்கும் ரீஸ்டேஜிங் 'மீள்நிலையறிதல்' என்பதில் யாருக்கும் மறுப்பு இராது என நினைக்கிறேன்.