இழை: தேனில் உள்ள ‘இன்வெர்ட் சுகர்’ தமிழில் என்ன? (அவசரம்)

அனைவருக்கும் வணக்கம். தேனீ வளர்ப்போர் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். நாளை மாலை ராயப்பேட்டை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பூந்தேனிலுள்ள சுக்ரோஸைத் தேனீயின் நொதி குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என உடைக்கிறது. அந்தக் கலவைக்குத் ‘திரிசர்க்கரை’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
– மயிலாப்பூர் மொழிபெயர்ப்பாளர்

> திரிசர்க்கரை
பால் திரிந்தால் கொட்டிவிடுவோம், அம்மா! ‘புரட்டுச் சர்க்கரை’ என்றும் யாரும் ஆரம்பிக்காதீர்கள், கலப்படக்காரருக்குத்தான் அது பொருந்தும். இங்கே தலைகீழாவது ஒளித்திருப்பம். சுக்ரோஸ் கரைசல் முனைவுற்ற ஒளியை, அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியை, வலப்பக்கம் திருப்பும். உடைந்த கலவை இடப்பக்கம். ஃபிரக்டோஸின் இழுப்பு அவ்வளவு வலுவானது. ஆகவே ‘இடஞ்சுழிச் சர்க்கரை’.
– தாம்பரம் வேதியியல் ஆசிரியை

வலஞ்சுழிக்குக் கும்பகோணத்துப் பக்கம் பிள்ளையார் கோயிலே இருக்கிறது. இடஞ்சுழி சங்கு வாங்கக்கூட ஆள் இல்லை. போகட்டும், ‘சர்க்கரை’ வடசொல்லாயிற்றே? ‘அக்காரம்’ என்க. குறுந்தொகையில் வண்டு ‘பெருந்தேன் இழைக்கும்’. என் பரிந்துரை: இழையக்காரம்.
– புரசைவாக்கம் புலவர்

ஐயா, அக்காரமும் அதே சர்க்கரைதான், பிராகிருதம் வழியாகச் சகரத்தைத் தொலைத்துவிட்டு வந்தது. தவிர, ‘இழை’ என்றால் இன்று நார்ச்சத்து. மலச்சிக்கலுக்கு மருந்து என்று வாங்கிப்போவார்கள்.
– தாம்பரம்

‘எதிர்மாற்றுச் சர்க்கரை’ போதாதா?
– அண்ணா நகர்

போதாது. நீரிழிவுக்காரர் கண்ணில் ‘மாற்றுச் சர்க்கரை’ மட்டும்தான் படும். தேனில் ஏறத்தாழ 38 விழுக்காடு ஃபிரக்டோஸ், 31 விழுக்காடு குளுக்கோஸ். யார் பதில் சொல்வது? பகுபதம் இருக்கும்போது ‘பகுசர்க்கரை’ இருக்கக் கூடாதா? வினைத்தொகை, ஒற்றும் மிகாது.
– தாம்பரம்

சரி, பகுசர்க்கரை. பிறைக்குறிக்குள் ‘இன்வெர்ட் சுகர்’. தேன் உறைவதைச் சொல்லும் பத்தியில் ‘குளுக்கோஸ்’ அப்படியே நிற்கும்; புட்டியின் அடியில் படிவது அதுதான், சீனிப்பாகு கலந்துவிட்டான் என்று திட்டுகிறவர்களுக்குப் புரிந்தால் போதும். நன்றி, அச்சுக்கு அனுப்புகிறேன்.
– மயிலாப்பூர்

‘பகு’ என்றால் வடமொழியில் ‘பல’ என்றும் பொருள் கொள்வார்கள். ‘மிகுந்த சர்க்கரை’ என்று படிப்பான். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ‘சுகர்’ என்பது கிளி முகத்து முனிவர் பெயர் என்பதையும்.
– புரசைவாக்கம் புலவர்