விண்கலம் ஏன் பின்னால் போகிறது?

குழு: பாட்டி வீட்டுப் பட்டாளம்

சனிக்கிழமை, மாலை 6.42

கதிர்: (படம்)

கதிர்: பெரம்பூரில் ஒரு அண்ணனிடம் பழையதாக வாங்கியது வந்துவிட்டது. வலது கைக்குத் திசை திருப்பும் ஜாய்ஸ்டிக், இடது கைக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில். இரண்டும் சேர்த்து 6,500 ரூபாய்.

அம்மா: நான்கு மாதம் டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் இதற்குத்தானா? நான் பிரிண்டர் வாங்கப் போகிறாய் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

முகில்: பாட்டி படத்தைப் பார்த்துவிட்டு, மாவு அரைக்கிற இயந்திரமா என்று கேட்கிறார்கள்.

கதிர்: விண்கலம் ஓட்டும் விளையாட்டுக்கு என்று சொல், முகில். எலைட் டேஞ்சரஸ். 2014இல் வந்தது. பால்வீதி முழுவதும் அதற்குள் இருக்கிறது, 40,000 கோடி விண்மீன் மண்டலங்கள்.

பெரியப்பா: அத்தனை கோடியில் கொருக்குப்பேட்டைக்கு இடம் உண்டா?

கதிர்: பூமி இருக்கிறது பெரியப்பா, ஆனால் அதில் இறங்க முடியாது. சூரிய மண்டலத்துக்குள் நுழையவே தனி அனுமதி வாங்க வேண்டும்.

பெரியப்பா: பாஸ் இல்லாதவனை யார்டுக்குள் விடக் கூடாது. முறையாகத்தான் நடத்துகிறார்கள்.

கதிர்: ஆனால் எனக்கு ஒரு சிக்கல். நான் எதையும் தொடவில்லை, விண்கலம் தானாகப் பின்னால் போகிறது. மூன்று முறை இடித்துவிட்டேன். பழைய பொருள் என்று ஏமாற்றிவிட்டாரோ என்று பயமாக இருக்கிறது.

அம்மா: நான் எதுவும் சொல்லவில்லை.

அனிதா அக்கா: த்ராட்டில் கைப்பிடி இப்போது எங்கே நிற்கிறது?

கதிர்: என் பக்கம் முழுவதும் இழுத்து வைத்திருக்கிறேன். நிறுத்தி வைப்பது அப்படித்தானே?

அனிதா அக்கா: அதுதான் பிழை. விளையாட்டின் அமைப்புகளில் த்ராட்டில் அச்சுக்கு, அதாவது கைப்பிடி நகரும் பாதைக்கு, இரண்டு முறைகள் இருக்கின்றன. முழு வீச்சு என்று வைத்தால் கைப்பிடியின் நட்ட நடுவில் வேகம் பூஜ்ஜியம், உன் பக்கம் இழுத்தால் பின்னோட்டம். நீ நிறுத்தவில்லை, முழு வேகத்தில் ரிவர்ஸ் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாய்.

முகில்: பெரம்பூர் அண்ணன் தப்பித்தார்.

அனிதா அக்கா: முன்னோட்டம் மட்டும் என்ற முறைக்கு மாற்று. அப்போது இழுத்து வைத்தால் பூஜ்ஜியம், தள்ளத் தள்ள வேகம். பின்னால் போக வேண்டுமானால் அதற்கென்று ஒரு பொத்தானைத் தனியாக ஒதுக்கு. பொத்தானை அழுத்தியபின் அதே கைப்பிடி பின்னோட்ட வேகத்தைத் தரும்.

பெரியப்பா: இதைச் சொல்ல ஒரு சாஃப்ட்வேர் எஞ்சினியர் வேண்டியிருக்கிறது. டீசல் ரயில் எஞ்சினில் வேகத்துக்கு ஒரு கைப்பிடி, திசைக்கு ரிவர்சர் என்று இன்னொரு கைப்பிடி. வேகக் கைப்பிடியில் எட்டு நாட்ச். ஐடில், ஒன்று, இரண்டு என்று எட்டு வரை. அதை எத்தனை முறை இழுத்தாலும் வண்டி பின்னால் போகாது. இரண்டையும் ஒரே கைப்பிடியில் வைத்தவன் வண்டி ஓட்டியவன் இல்லை.

அனிதா அக்கா: அப்பா, சண்டை போடுகிறவர்களுக்கு முழு வீச்சுதான் பிடிக்கும். சட்டென்று பின்வாங்கலாம்.

பெரியப்பா: நான் 34 வருடம் யாருடனும் சண்டை போடாமல்தான் ஓட்டினேன்.

மாலை 7.15

கதிர்: மாற்றிவிட்டேன். இப்போது ஒழுங்காக நிற்கிறது. ஆனால் மூக்கு மெதுவாக இடப்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கிறது. ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டாலும் சுழற்ச்சி நிற்கவில்லை.

பெரியப்பா: சுழற்சி. நடுவில் ச் வராது.

கதிர்: சுழற்சி நிற்கவில்லை.

தாஸ் மாமா: இப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து உட்கார்ந்தேன். அதை நான் சொல்கிறேன். நான் ஓட்டிய பழைய கிரேனிலும் இதே கோளாறு. லீவரின் அடியில் கரித்தடம் இருக்கும், அதன்மேல் ஒரு சிறு தகடு உரசும். வருடக்கணக்கில் நடுவிலேயே உரசி உரசித் தேய்ந்துபோனால், கையை எடுத்த பிறகும் யாரோ இழுக்கிறார்கள் என்று அது நினைத்துக்கொள்ளும்.

அனிதா அக்கா: அதேதான். பொட்டன்ஷியோமீட்டர். கதிர், விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் ஜாய் டாட் சிபிஎல் என்று ஆங்கிலத்தில் அடி. ஜாய்ஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்துப் பண்புகளைத் திற. சதுரத்துக்குள் ஒரு கூட்டல் குறி தெரியும். கையை எடுத்துவிட்டுப் பார், நடுவில் நிற்கிறதா?

கதிர்: கூட்டல் குறி நடுவில்தான் நிற்கிறது. கீழே இருக்கும் இன்னொரு கோடுதான் துடித்துக்கொண்டிருக்கிறது. ஜாய்ஸ்டிக்கைத் திருகினால் அந்தக் கோடு நகர்கிறது.

அனிதா அக்கா: அப்படியானால் சாய்க்கும் அச்சுகள் நன்றாக இருக்கின்றன. திருகும் அச்சு மட்டும் தேய்ந்திருக்கிறது. முதலில் அதே இடத்தில் அளவுதிருத்தம் செய். அதற்குப் பிறகும் துடித்தால், விளையாட்டுக்குள் அந்த அச்சுக்கு மட்டும் டெட்ஸோன் வை. நடுவிலிருந்து கொஞ்ச தூரம் வரை எவ்வளவு அசைந்தாலும் கண்டுகொள்ளாதே என்று சொல்வது அது. துடிப்பு நிற்கும் வரை சிறிது சிறிதாகக் கூட்டு. நின்றவுடன் நிறுத்திவிடு.

கதிர்: எல்லா அச்சுக்கும் நிறையவே வைத்துவிட்டால் பாதுகாப்புத்தானே?

தாஸ் மாமா: ஐயோ வேண்டாம். கை நகரும், பாரம் நகராது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தள்ளுவாய், திடீரென்று துள்ளும். கன்டெய்னர் துள்ளினால் கீழே இருப்பவனுக்கு உயிர் போய்விடும். நன்றாக இருக்கும் சாய்க்கும் அச்சுகளுக்கு டெட்ஸோனே வைக்காதே.

அம்மா: தையல் இயந்திர எண்ணெய் வீட்டில் இருக்கிறது. இரண்டு சொட்டு விடட்டுமா?

தாஸ் மாமா: அக்கா, தொடாதே! எண்ணெயில் தூசி ஒட்டிக்கொண்டால் இப்போதிருப்பதைவிட மோசமாகிவிடும். ரிச்சி தெருவில் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கிடைக்கும். செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் போகிறேன், வாங்கி வருகிறேன். அடுத்த முறை வாங்கும்போது ஹால் சென்சார் வைத்ததாகப் பார்த்து வாங்கு. காந்தத்தை வைத்து அளக்கும், ஒன்றோடொன்று உரசாது, அதனால் தேய்மானம் இல்லை.

அனிதா அக்கா: அதற்கு அடிப்படையான ஹால் விளைவு, எட்வின் ஹால் 1879இல் கண்டுபிடித்தது. இப்போது கதிரின் மேசை வரைக்கும் வந்துவிட்டது.

அம்மா: அடுத்த முறையா? என்ன அடுத்த முறை?

மாலை 7.50

கதிர்: டெட்ஸோன் வைத்துவிட்டேன், திரும்புவது நின்றுவிட்டது! ஆனால் த்ராட்டிலே காணாமல் போய்விட்டது. பட்டியலில் பெயரே இல்லை.

அனிதா அக்கா: எதில் செருகியிருக்கிறாய்?

கதிர்: நான்கு துளை உள்ள யுஎஸ்பி ஹப்பில். ஜாய்ஸ்டிக்கும் அதில்தான்.

அனிதா அக்கா: வேறு என்ன இருக்கிறது அதில்?

கதிர்: கொசு மட்டை. அம்மாவின் போன்.

அம்மா: என் போனில் மூன்று சதவீதம்தான் இருந்தது.

அனிதா அக்கா: தனி மின்சாரம் இல்லாத ஹப் அது. போன் அத்தனையையும் உறிஞ்சிக்கொண்டால் த்ராட்டில் மயங்கி விழத்தான் செய்யும். இரண்டையும் கணினியிலேயே நேராகச் செருகு. விளையாட்டைத் திறப்பதற்கு முன்பே செருகிவிடு. ஒன்று குறைந்தாலும் நீ அமைத்த விசைகளை எடுத்துக்கொள்ளாமல் வேறு எதையாவது ஏற்றிக்கொண்டு வந்து நிற்கும். அந்த விசை அமைப்புகள் பைண்டிங்ஸ் என்றொரு ஃபோல்டரில் இருக்கும், இன்றைக்கே அதை வேறொரு இடத்தில் நகல் எடுத்து வை. நான் எடுத்து வைக்காமல் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இழந்தேன்.

பெரியப்பா: அந்த ஞாயிறுதான் காய்ச்சல் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாயா?

அனிதா அக்கா: அப்பா, கதிரின் பிரச்சினையைப் பேசுவோம்.

கதிர்: அக்கா, இன்னொரு சந்தேகம். ஜாய்ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தால் விண்கலம் இடப்பக்கம் திரும்பவில்லை, இடப்பக்கமாகப் புரள்கிறது. பைக் மாதிரித் திரும்பும் என்று நினைத்தேன். மாற்றிவிடலாமா?

அனிதா அக்கா: மாற்றாதே. ஒரு வாரம் கை வலித்தாலும் மாற்றாதே. எல்லோரும் முதல் நாள் செய்யும் தவறு இதுதான். இந்த விளையாட்டில் மூக்கை மேலே தூக்குவது வேகமாக நடக்கும், பக்கவாட்டில் திருப்புவது ஆமை வேகம். ஆகையால் வலப்பக்கம் போக வேண்டுமென்றால் முதலில் வலப்பக்கம் புரண்டு, பிறகு உன் பக்கம் இழுக்க வேண்டும். சாய்ப்பு புரளுவதற்கு, இழுப்பு மூக்குக்கு, திருகல் பக்கவாட்டுக்கு. பக்கவாட்டுத் திருப்பத்தைச் சாய்ப்பில் வைத்துக்கொண்டால் முதல் நாள் சுகமாக இருக்கும், முதல் சண்டையில் செத்துப்போவாய்.

முகில்: இழுத்தால் மூக்கு மேலே போவதும் தலைகீழாக இருக்கிறது. முன்னால் தள்ளினால்தானே மேலே போக வேண்டும்?

தாஸ் மாமா: கிரேனிலும் இழுத்தால்தான் பாரம் மேலே ஏறும், தள்ளினால் இறங்கும். ஒரு வாரம் ஓட்டிப் பார், அப்புறம் அதுதான் நேராகத் தெரியும். எனக்கு இப்போது வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறக்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

அனிதா அக்கா: த்ராட்டிலில் கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு குட்டிக் குச்சி இருக்கிறதா?

கதிர்: இருக்கிறது. நான்கு பக்கமும் நகர்கிறது.

அனிதா அக்கா: அதில் மேல், கீழ், இடம், வலம் நகர்வை வை. திரும்புவது இல்லை, நகர்வது. மூக்கு பார்த்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்க, உடம்பு மட்டும் பக்கத்தில் நகரும். தரையிறங்கும்போது இது இல்லாவிட்டால் நரகம். வலது கை திருப்புவதற்கு, இடது கை நகர்த்துவதற்கு. அப்போலோவில் நிலவுக்கு இறங்கிய கலத்திலும் இதே பங்கீடுதான், சோயுஸிலும் இதே பங்கீடுதான். உன் மேசையில் மட்டும் வேறு விதி வேண்டாம்.

பெரியப்பா: இதில் பிரேக் எந்தக் கை?

அனிதா அக்கா: பிரேக்கே இல்லை, அப்பா. காற்று கிடையாது, தண்டவாளம் கிடையாது. நிறுத்துவதற்கும் எதிர்ப்பக்கம் எஞ்சினைத்தான் உந்த வேண்டும். கைப்பிடியைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தால் கணினியே உந்தி நிறுத்தித் தரும். அந்த உதவியை அணைத்துவிட்டும் ஓட்டலாம். கதிர், அந்தப் பொத்தானை இப்போது எதிலும் வைக்காதே.

பெரியப்பா: நிலக்கரி ஏற்றிய 58 வேகன் பின்னால் இருக்கும்போது கைப்பிடியைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தால் என்ன நடக்கும் தெரியுமா? ஒன்றும் நடக்காது. அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். நிற்க வேண்டிய இடத்தைக் கண் பார்ப்பதற்கு முன்பே கை நினைத்திருக்க வேண்டும். அந்த உதவியை அணைத்து ஓட்டுவது எனக்கு வரும் என்று நினைக்கிறேன்.

முகில்: பாட்டி, பெரியவன் எங்கே போகிறான் என்று கேட்கிறார்கள்.

இரவு 9.05

அம்மா: தோசை ஆறிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது முறை சொல்கிறேன்.

கதிர்: ஐந்து நிமிடம் அம்மா, விண்வெளி நிலையத்துக்கு வெளியே காத்திருக்கிறேன். நிலையம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நுழைவாயில் தபால் பெட்டித் துளை மாதிரி இருக்கிறது. ஆறு முறை போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.

அனிதா அக்கா: 7.5 கிலோமீட்டருக்குள் வந்து அனுமதி கேட்டாயா?

கதிர்: கேட்டேன், கொடுத்தார்கள். பத்து நிமிடத்துக்குள் இறங்க வேண்டுமாம்.

அனிதா அக்கா: வேகம் நொடிக்கு 100 மீட்டருக்குக் கீழே. அதற்கு மேல் போய் யாரையாவது இடித்தால் அபராதம். வேகமானியில் நீல நிறப் பகுதி தெரியும், கைப்பிடியை அதற்குள் வை, அங்கேதான் நன்றாகத் திரும்பும். வாசலுக்கு நேராக வந்த பிறகு, நிலையம் சுற்றும் அதே வேகத்தில் நீயும் புரள வேண்டும். உன் கண்ணுக்கு வாசல் நின்றுபோகும்.

கதிர்: எந்தப் பக்கமாக நுழைவது? இரண்டு பக்கமும் விளக்கு இருக்கிறது, பச்சையும் சிவப்பும்.

தாஸ் மாமா: பச்சை உன் வலப்பக்கம் இருக்கட்டும்.

கதிர்: உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?

தாஸ் மாமா: நம் துறைமுகத்துக்குள் வரும் கப்பல் ஒவ்வொன்றும் பச்சை மிதவையை வலப்பக்கம் விட்டுத்தான் வருகிறது. கிரேன் மேலே உட்கார்ந்து தினமும் பார்க்கிறேன்.

அனிதா அக்கா: மாமா சொல்வது அப்படியே சரி. பச்சை வலப்பக்கம்.

தாஸ் மாமா: இன்னொன்று. ஜாய்ஸ்டிக்கை உள்ளங்கையால் பிடிக்காதே, விரல்களால் பிடி. முழங்கை எதன்மேலாவது படிந்திருக்க வேண்டும். தள்ளிவிட்டுக் காத்திரு, என்ன ஆகிறது என்று பார், பிறகு அடுத்த தள்ளல். புதிதாகச் சேர்கிற பையன்கள் ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள், பாரம் ஊஞ்சல் ஆடும்.

கதிர்: ஜாய்ஸ்டிக்கே மேசையில் வழுக்குகிறது மாமா.

அம்மா: சமையலறை மேடையில் விரித்திருக்கும் ரப்பர் விரிப்பை எடுத்துப் போட்டுக்கொள். நாளை காலையில் திரும்ப அங்கே இருக்க வேண்டும்.

அனிதா அக்கா: சித்தி களத்தில் இறங்கிவிட்டார்கள்.

இரவு 9.21

கதிர்: உள்ளே போய்விட்டேன்!! இடிக்காமல்!!

கதிர்: இறங்கும் தளத்துக்கு மேலேயே நிற்கிறேன். கட்டைவிரல் குச்சியை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிறேன். நேராகத்தான் இருக்கிறேன், ஆனால் தளம் பிடித்துக்கொள்ளவில்லை.

அனிதா அக்கா: சக்கரத்தை இறக்கினாயா?

கதிர்: எது?

அனிதா அக்கா: லேண்டிங் கியர்.

கதிர்: அதற்குப் பொத்தானே வைக்கவில்லை.

முகில்: விசைப்பலகையில் எல் என்ற எழுத்து. நான் பார்த்தேன்.

கதிர்: கை போதவில்லை, நீ வந்து அழுத்து. ஓடி வா!

அம்மா: மாடிப்படியில் ஓடாதே, முகில்!

இரவு 9.26

கதிர்: இறங்கிவிட்டேன்.

தாஸ் மாமா: சபாஷ்.

பெரியப்பா: எத்தனையாவது பிளாட்பாரம்?

கதிர்: 14, பெரியப்பா.

பெரியப்பா: நேரம்?

கதிர்: அனுமதி கொடுத்ததிலிருந்து ஒன்பது நிமிடம் ஆகியிருக்கும்.

பெரியப்பா: ஒரு நிமிடம் முன்கூட்டியே வந்திருக்கிறாய். நாளைக் காலை எட்டு மணிக்கு நான் அங்கே இருப்பேன். கேட் மூடியிருந்தால் எட்டரை.

அம்மா: தோசை முகிலுக்குப் போட்டுவிட்டேன். உனக்கு வேண்டுமானால் மாவு இருக்கிறது, நீயே சுட்டுக்கொள்.