கைடுலைன் விலைக்குப் பத்திரமா, கொடுக்கிற விலைக்கா? அம்மாபேட்டை வீடு பற்றி ஒரு கேள்வி

கொலுசுப் பட்டறை:
எல்லாருக்கும் வணக்கம். சேலம் அம்மாபேட்டையில் ஒரு பழைய மெத்தை வீடு பேசியிருக்கிறோம். 1,200 சதுர அடி இடம், விலை 62 லட்சம். பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கிற கைடுலைன்படி இடமும் கட்டடமும் சேர்த்து 34 லட்சம்தான் வருகிறது. வீட்டுக்காரர், "பத்திரத்தில் 34 போட்டுக்குங்க, மீதி 28 ரொக்கமாக் கொடுத்துடுங்க" என்கிறார். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்த்துவிட்டார், குறை இல்லை. வீடு அவருடைய அப்பா கட்டியது. தங்கை ஒருவர் இருக்கிறார், அவரும் கையெழுத்துப் போட வருகிறார். எனக்கு வங்கிக் கடன் இல்லாமல் முடியாது. எங்கள் அப்பாவோ "ஊரே இப்படித்தான் செய்யுது, நீ மட்டும் என்ன?" என்கிறார். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி புரோக்கர்:
தம்பி, அப்பா சொல்வதுதான் நடைமுறை. 34 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் பத்திரச் செலவு 3 லட்சத்து 6 ஆயிரம். 62 போட்டால் 5 லட்சத்து 58 ஆயிரம். இரண்டரை லட்சம் சும்மா போகும். பழைய வீட்டுக்கு வயரிங், குழாய், பெயின்ட் எல்லாம் அந்தக் காசில் முடிந்துவிடும். கைடுலைன் அரசாங்கமே வைத்த விலை. அதற்குக் குறையாமல் போட்டால் பத்திர ஆபீஸில் ஒரு கேள்வியும் வராது. அம்மாபேட்டையில் சந்து பொந்து இல்லாமல் வண்டி போகிற தெருவில் வீடு அமைவது லேசில்லை. நீங்கள் யோசித்துக்கொண்டே இருந்தால் ரொக்கத்தோடு வேறொருவர் வந்து அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்.

சூரமங்கலம் கணக்கர்:
புரோக்கர் அண்ணன் சொன்ன 9 சதவீதம் சரி. முத்திரைத் தீர்வை 5, மாற்றுத் தீர்வை 2, பதிவுக் கட்டணம் 2. 2023 ஏப்ரலுக்கு முன்னால் பதிவுக் கட்டணமே 4 இருந்தது. ஆனால் அவர் கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

முதலில் கடன். வங்கி பத்திர விலையைப் பார்த்துத்தான் கொடுக்கும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு விலையில் 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரைக்கும் 80 சதவீதம். 34 லட்சம் பத்திரத்துக்கு 30 லட்சத்தோடு நின்றுவிடும். 62 லட்சம் பத்திரத்துக்கு 49 லட்சத்து 60 ஆயிரம் வரை வாங்கலாம். இப்போது உங்கள் கைக்காசைப் பாருங்கள். குறைத்துப் போட்டால் 32 லட்சமும் பத்திரச் செலவு 3 லட்சமும், ஆக 35 லட்சம் நீங்கள் புரட்ட வேண்டும். முழு விலை போட்டால் 12 லட்சத்து 40 ஆயிரமும் பத்திரச் செலவு ஐந்தரை லட்சமும், ஆக 18 லட்சம் போதும். இரண்டரை லட்சம் மிச்சம் பிடிக்கப் போய் 17 லட்சம் வெளியில் வட்டிக்கு வாங்குவீர்களா?

அடுத்தது, நாளைக்கு நீங்கள் விற்கும்போது வரும் வரி. நீங்கள் வாங்கிய விலை என்று வருமான வரித்துறை ஏற்பது பத்திரத்தில் உள்ளதைத்தான். இரண்டு வருடம் கழித்து எப்போது விற்றாலும் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. பழைய மாதிரி வாங்கிய விலையை விலைவாசிக் குறியீடு போட்டு உயர்த்தி, லாபத்தைக் குறைத்துக் காட்டுகிற வழி, 2024 ஜூலை 23க்குப் பிறகு வாங்கும் வீட்டுக்குக் கிடையாது. 80 லட்சத்துக்கு விற்கிறீர்கள், வாங்குபவர் வங்கிக் கடனில் வருகிறார், முழுக்க வெள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன 28 லட்சமும், கட்டாமல் விட்ட இரண்டரை லட்சம் பத்திரச் செலவும் சேர்ந்து உங்கள் லாபமாகிவிடும். அதற்கு மட்டும் வரி 3 லட்சத்து 80 ஆயிரம், செஸ் தனி. இன்றைக்கு மிச்சம் பிடித்ததை விட அதிகம்.

அஸ்தம்பட்டி புரோக்கர்:
கணக்கர் சார், கடனுக்கு வழி இருக்கிறது. அக்ரிமென்ட்டை 62க்குப் போட்டு வங்கிக்குக் கொடுப்பார்கள், கிரயத்தை 34க்குப் பதிவு செய்வார்கள். நடக்காத விஷயமா? அப்புறம், வரி கட்டுவது எப்போதோ விற்கும்போது. குடியிருக்க வாங்குகிறவர் எதற்கு விற்கப் போகிறார்?

சூரமங்கலம் கணக்கர்:
ஒரே வீட்டுக்கு இரண்டு விலையில் இரண்டு எழுத்து, இரண்டிலும் தம்பியின் கையெழுத்து. அதை வங்கியிடமும் கொடுத்து, சார்பதிவாளரிடமும் கொடுப்பதா? முத்திரைச் சட்டம், பத்திரத்தில் உண்மையான கிரயத் தொகையை எழுத வேண்டும் என்கிறது. கைடுலைன் இதற்குக் கீழே போகாதே என்கிற எல்லை, அவ்வளவுதான். அதுவே விலை ஆகிவிடாது. இன்னொன்று: 30 லட்சமோ அதற்கு மேலோ போகிற கிரயம் எல்லாம் பத்திர ஆபீஸிலிருந்து வருமான வரித்துறைக்குத் தகவலாகப் போகிறது. 34 போட்டாலும் அந்தப் பட்டியலில் உங்கள் பேர் வரும். மறைந்துவிடலாம் என்று நினைத்து 34 போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

குகைத் தறிக்காரர்:
நான் புரோக்கர் அண்ணன் பக்கம்தான், ஆனால் காரணம் வேறு. எங்களை மாதிரி தறி ஓட்டுகிறவர்கள், கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறவர்கள் எல்லாம் வாரக்கூலி வாங்கியும் கொடுத்தும் பிழைக்கிறோம். கையில் வருவது ரொக்கம். அப்பா காலத்திலிருந்து சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்துக்குக் காகிதம் எங்கே போய்க் காட்டுவது? அது களவாடிய பணம் இல்லை, உழைத்த பணம். 62 லட்சத்தையும் வெள்ளையில் காட்டு என்றால் எங்கள் ஆட்கள் சொந்த வீடே வாங்க முடியாது. மாதச் சம்பளக்காரர்களுக்குத்தான் இந்த நியாயம் எல்லாம் எளிது. 9 சதவீதம் என்பதே தாங்க முடியாத சுமை. அதைக் குறைத்துவிட்டு அப்புறம் நியாயம் பேசட்டும்.

சூரமங்கலம் கணக்கர்:
அண்ணா, 9 சதவீதம் அதிகம் என்பதில் நானும் உங்களோடுதான். நீங்கள் சொல்கிற காகிதப் பிரச்சினையும் உண்மை. ஆனால் சிறு தொழிலுக்கு உத்தேச வருமானம் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்கிற முறை பல வருடமாக இருக்கிறது. வருடா வருடம் தாக்கல் செய்தால் சேமிப்புக்கு அதுவே காகிதம், கடனுக்கும் அதுவே ஆதாரம். அந்த உழைத்த பணத்தை ரசீது இல்லாமல் இன்னொருவர் கையில் வைக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயம். தம்பி விஷயத்தில் அந்தத் தங்கை இருக்கிறார். அவர் இன்றைக்கு வருகிறேன் என்கிறார், சரி. வராமல் போய், அண்ணன் மட்டும் எழுதிக் கொடுத்து, பின்னால் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால்? கிரயம் உடைந்தால் பத்திரத்தில் உள்ள 34ஐத்தான் திருப்பிக் கேட்க முடியும். 28 லட்சத்துக்கு என்ன சாட்சி? ரொக்கமாகக் கொடுத்தேன் என்று கோர்ட்டில் சொன்னால் அதுவும் சிக்கல். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்ததாக வழக்கில் சொன்னால், வருமான வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

ஓமலூர் விவசாயி:
ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. 2018இல் சேலம்-சென்னை எட்டு வழிச் சாலைப் பேச்சு வந்தபோது எங்கள் பக்கம் எல்லாரும் எடுத்துப் பார்த்தது பத்திரத்தைத்தான். நில எடுப்புக்கு 2013 சட்டப்படி விலை வைக்கிறது எப்படி என்றால், ஒன்று கைடுலைன், இல்லையென்றால் அக்கம்பக்கத்தில் கடந்த 3 வருடம் பதிவான கிரயங்களில் அதிக விலைக்குப் போன பாதியின் சராசரி. இதில் எது அதிகமோ அது. ஊரே குறைத்து எழுதியிருந்தால் அந்தச் சராசரியும் குறைந்துதான் வரும். ரோடு அகலப்படுத்த டவுனில் வீடு எடுத்தாலும் கதை இதுதான்.

ஏற்காடு அக்கா:
நான் விற்றவள் பக்கம் பேசுகிறேன். ஏற்காட்டில் இருந்த எங்கள் வீட்டை விற்றபோது எங்களுக்கும் இதே யோசனை சொன்னார்கள். நாங்கள் முழுத் தொகையும் வங்கி வழியாகவே வாங்கினோம். அந்த லாபத்தில் அழகாபுரத்தில் வீடு வாங்கினோம், வரி ஒரு பைசா கட்டவில்லை. விற்ற தேதியிலிருந்து 2 வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினால், அல்லது 3 வருடத்துக்குள் கட்டினால் விலக்கு உண்டு. தம்பி, அந்த வீட்டுக்காரர் பிடிவாதக்காரர் என்று நினைக்காதீர்கள். வரிக்குப் பயப்படுகிறார். அவரை ஒரு நல்ல ஆடிட்டரிடம் கூட்டிப் போங்கள்.

அஸ்தம்பட்டி புரோக்கர்:
அக்கா, அவருக்கு வேறு வீடு வாங்குகிற எண்ணம் இல்லை என்றால்? பெண் கல்யாணத்துக்குப் பணம் வேண்டியிருக்கும். வரி கட்டச் சொன்னால் எந்த வீட்டுக்காரர் ஒத்துக்கொள்வார்?

சூரமங்கலம் கணக்கர்:
நல்ல கேள்வி, எண் போட்டே சொல்கிறேன். அப்பா 2001 ஏப்ரலுக்கு முன்பே கட்டிய வீடு என்றால் அந்த ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை வாங்கிய விலையாக எடுக்கலாம், அன்றைய கைடுலைனைத் தாண்டக் கூடாது. அது 10 லட்சம் என்று வையுங்கள். பழைய சொத்து என்பதால் அவருக்கு இரண்டு வழி உண்டு. குறியீடு இல்லாமல் 52 லட்சம் லாபத்தில் 12.5 சதவீதம் என்றால் ஆறரை லட்சம். 2025-26க்கான குறியீடு 376 போட்டால், அதாவது 3.76 மடங்கு, 10 லட்சம் 37 லட்சத்து 60 ஆயிரமாகிறது. லாபம் 24 லட்சத்து 40 ஆயிரம், அதில் 20 சதவீதம் 4 லட்சத்து 88 ஆயிரம். எது குறைவோ அதைக் கட்டினால் போதும். தங்கைக்கும் பங்கு இருந்தால் இது இருவருக்கும் பிரியும்.

அதையும் கட்ட வேண்டாம் என்றால், லாபத்தை 6 மாதத்துக்குள் ஆர்இசி, பிஎஃப்சி மாதிரி அரசு நிதி நிறுவனங்கள் இந்த வரிவிலக்குக்கென்றே விடுகிற கடன் பத்திரங்களில் (பாண்டு) போடலாம். ஒருவர் 50 லட்சம் வரை போடலாம், 5 வருடம் எடுக்க முடியாது, வட்டி கொஞ்சம் குறைவு. மீதி 37 லட்சத்துக்கு மேல் கல்யாணத்துக்குக் கையில் இருக்கும். 34க்கு எழுதினால் அவருக்கு இன்றைக்கு வரி வராது என்பது உண்மைதான். ஆனால் சொத்து விற்பனையில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், அப்படிப் பணம் வாங்கிய விற்பவருக்கு அதே அளவு அபராதம் என்று 2015 ஜூனிலிருந்து சட்டம் இருக்கிறது. 28 லட்சம் வாங்கினால் அபராதம் 28 லட்சம். 4 லட்சத்து 88 ஆயிரத்துக்காக அவர் எடுக்கிற ஆபத்து இது.

கொலுசுப் பட்டறை:
எல்லாருக்கும் நன்றிங்க. அப்பாவிடம் அந்த 35 லட்சம், 18 லட்சம் கணக்கைக் காட்டினேன், யோசிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு சந்தேகம், 62 போட்டால் 1 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும் என்கிறார்களே?

சூரமங்கலம் கணக்கர்:
ஆமாம், 50 லட்சமும் அதற்கு மேலும் போனால் உண்டு. 62 ஆயிரத்தை வீட்டுக்காரர் தொகையிலிருந்து பிடித்து, அவருடைய பான் எண்ணில் நீங்கள் கட்ட வேண்டும். அவர் கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்வார், அல்லது திரும்ப வாங்கிக்கொள்வார். தங்கையும் விற்பவர் என்றால் இருவருக்கும் தனித்தனியாகக் கட்டுங்கள். இருவரில் யாராவது வெளிநாட்டில் இருந்தால் பிடித்தம் வேறு, அதிகம். அதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அஸ்தம்பட்டி புரோக்கர்:
தம்பி, நான் இன்னமும் சொல்கிறேன், வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால் நல்ல வீடு கைவிட்டுப் போகும். ஆடிட்டரிடம் போவதென்றால் இந்த வாரத்திலேயே போங்கள். போகும்போது அப்பா காலத்துப் பத்திரம், பழைய வீட்டு வரி ரசீது எல்லாம் எடுத்து வரச் சொல்லுங்கள். 2001 மதிப்புக்கு அது வேண்டும்.