ஸ்கேன்ல பெருசா ஒண்ணும் இல்லையாம், ஆனா இடுப்பு வலி போகவே மாட்டேங்குது. இதே மாதிரி சேலம் பக்கம் யாராச்சும் இருக்கீங்களா?

கொலுசுப்பட்டறை_சிவதாபுரம்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் சிவதாபுரம், வீட்டுலயே கொலுசு பத்த வைக்கிற வேலை, அதாவது கண்ணிகள சூடு காட்டி ஒட்டறது. காலைல சமையல முடிச்சுட்டு உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் குனிஞ்ச தலை நிமிராது, ஒவ்வொரு கண்ணியா பாத்து பாத்து பத்த வைக்கணும், செஞ்ச வேலைக்குத்தான் கூலி அதனால நடுவுல எந்திரிக்கவும் மனசு வராது. ரெண்டாவது பையன் பொறந்ததுல இருந்து இடுப்பு வலி, இப்ப ரெண்டு மூணு வருஷமா இடது பக்கம் தொடை பின்னால வரைக்கும் இறங்குது, ராத்திரி புரண்டு படுத்தா சுருக்குனு இழுத்து முழிப்பு வந்துரும்.

எம்ஆர்ஐ எடுத்தாச்சு. "இடுப்பு முதுகெலும்புல எல்4 எல்5 கிட்ட லேசா தேய்மானம், வயசாக ஆக வர்றதுதான், பயப்பட ஒண்ணும் இல்லம்மா"ன்னு டாக்டர் சொன்னாரு. நல்ல சேதிதான், ஆனா அன்னைல இருந்து வீட்டுல யாரும் நம்பறதில்ல. மாமியார் கெட்டவங்க இல்ல, அவங்க தறில நெசவு நெய்துகிட்டே புள்ளைங்கள வளத்தவங்க, "ஸ்கேன்லயே ஒண்ணும் இல்லன்னு வந்துருச்சே இன்னும் என்ன"ங்கறாங்க. ஆடிப் பண்டிகைக்கு கோட்டை மாரியம்மன் கோயில்ல பொங்கல் வெச்சு எல்லார் கூடவும் சிரிச்சுகிட்டு நின்னேன், மறுநாள் பாய விட்டு எந்திரிக்க முடியல, அதுக்கு "நேத்து நல்லாத்தானே நின்ன"ன்னு கேக்கறாங்க. நேத்து நின்னதாலதான் இன்னைக்கு முடியலன்னு எப்படிங்க புரிய வைக்கிறது?

கேக்க வந்தது இதுதான். இதே வலி உள்ளவங்க கிட்ட பேசுனா நல்லதா, இல்ல பேசப் பேச வலி நெனப்பே பெருசாகிருமா? முன்ன ஒரு வாட்ஸ்அப் குரூப்ல சேந்தேன், காலைல எந்திரிச்சா ஒருத்தர் மாத்திரை அட்டைய போட்டோ எடுத்து போடறாரு, இன்னொருத்தர் ஆபரேஷன் பண்ணி கால் விளங்காம போச்சுன்னு வாய்ஸ் அனுப்பறாரு, பயந்துகிட்டு வெளிய வந்துட்டேன். ஆனா யார்கிட்டயும் சொல்லாம இருக்கறதும் முடியல.

மலைக்காப்பி_ஏற்காடு:

தங்கச்சி, உங்களுக்கு வலிக்குதுன்னா வலிக்குதுதான், அதுக்கு ஸ்கேன் சாட்சி சொல்ல வேண்டியதில்ல. நான் காப்பி எஸ்டேட்ல மேஸ்திரி, சரிவுல ஏறி இறங்கி ஏறி இறங்கி இடுப்பு போனது. சேலத்துல இருந்து மலைக்கு 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொரு வளைவுக்கும் பஸ்ல உடம்ப முறுக்கி முறுக்கி விட்டா மேல வந்து சேர்றப்ப கால் மரத்துரும். பின் சீட்டுல உக்காராதீங்க, சக்கரத்துக்கு மேல இருக்கற சீட்டும் வேணாம், நடுவுல ஜன்னல் கம்பிய புடிச்சுகிட்டு உக்காந்தா தூக்கிப்போடறது கொறையும்னு எனக்கு சொல்லிக்குடுத்தது டாக்டர் இல்ல, அதே பஸ்ல வர்ற இன்னொரு இடுப்பு வலிக்காரர். இந்த மாதிரி விஷயமெல்லாம் அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

ஒண்டிக்கடைல நாங்க ஒரு நாலஞ்சு பேர் சாயங்காலம் டீ குடிக்க நிப்போம், நின்னுகிட்டேதான், யாரும் உக்கார மாட்டோம். "இன்னைக்கு எப்படி"ன்னு ஒருத்தர் கேப்பார், "முடியல"ம்போம், சரின்னு அடுத்த பேச்சு போயிரும். அந்த "முடியல"க்கு காரணம் யாரும் கேக்க மாட்டாங்க பாருங்க, அதுவே பாதி பாரம் எறங்கின மாதிரி. பழ சீசன்ல, நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் மூட்டை தூக்கறப்ப எங்களுக்குள்ள ஒருத்தர ஒருத்தர் கவனிச்சுக்குவோம். அதனால பேசுங்க, பேசறதால வலி கூடிராது. யார்கிட்ட பேசறோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்கு.

சங்ககிரி_லாரி:

அக்கா அந்த குரூப்ப விட்டு வந்தது ரொம்ப சரி. எங்க லைன்ல மாத்திரை பரிமாறறது சகஜம், ஒருத்தருக்கு கேட்டுச்சுன்னு இன்னொருத்தர் அதே பேர மெடிக்கல்ல சொல்லி வாங்கி மாசக்கணக்கா முழுங்குவாங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு டிரைவர் அண்ணன் அப்படி போட்டு போட்டு வயித்துல புண்ணாகி ரத்த வாந்தி எடுத்து அட்மிட் ஆனாரு. அடுத்தவங்க மாத்திரை மட்டும் வேண்டவே வேணாம்.

தறி_அம்மாப்பேட்டை:

கண்ணு, நான் அம்மாப்பேட்டை, பட்டுத் தறி. குழித்தறில உக்காந்து மிதி மிதிச்சவ, உன் வலி எந்த இடத்துல இறங்குதுன்னு நீ எழுதினத படிக்கும்போதே எனக்கு தெரிஞ்சுது. நாங்க பொம்பளைங்க ஒரு ஏழெட்டு பேர் போன்ல ஒரு குரூப் வெச்சிருக்கோம், எல்லாருக்கும் முதுகோ இடுப்போ கழுத்தோ. மொதல்ல நாங்களும் நீ சொன்ன மாதிரிதான் ஆயிட்டிருந்தோம், புலம்பல், மாத்திரை பேரு, யாரோ செத்துட்டாங்கன்னு ஃபார்வேர்ட். அப்புறம் உக்காந்து பேசி சிலத முடிவு பண்ணோம்.

மாத்திரை பேரு, ஊசி பேரு, ஆபரேஷன் பண்ணலாமா வேணாமா இதெல்லாம் குரூப்ல கிடையாது, அது டாக்டர் வேலை. ரொம்ப முக்கியமானது எதுன்னா, ஒருத்தி வந்து வலிக்குதுன்னு எழுதினா பதில் சொல்றதுக்கு முன்னாடி "யோசனை வேணுமா, சும்மா கேட்டுக்கணுமா"ன்னு கேக்கணும். இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா எல்லாத்தையும் மாத்திருச்சு. ஏன்னா ஊர்ல எல்லாரும் நமக்கு யோசனை சொல்றாங்க, எருக்க இலை வெச்சு கட்டு, அந்த எண்ணெய் போடு, இந்த சாமிக்கு வேண்டிக்கோ, கேட்டு கேட்டு காது புளிச்சுப் போச்சு. பேசாம கேட்டுக்கறதுக்குத்தான் ஆள் இல்ல. அப்புறம் இன்னொண்ணு, வலிய மட்டும் எழுதிட்டு போகக் கூடாது, அன்னைக்கு என்ன முடிஞ்சுதுன்னும் ஒரு வரி போடணும். "துணி துவைச்சேன், பாதில நிறுத்திட்டேன், பரவால்ல"ன்னு போட்டாக்கூட போதும்.

மாமியாருக்கு ஒரு யோசனை சொல்லட்டுமா? வலிக்குது வலிக்குதுன்னு சொன்னா அவங்களுக்கு பழகிப் போயிரும். "அத்தை, குடம் நான் தூக்கல நீங்க தூக்குங்க, பதிலுக்கு உங்க காபி டம்ளர்ல இருந்து எல்லா பாத்திரமும் நின்னுகிட்டே நான் கழுவிடறேன்"னு வேலைய பேசு. எந்த வேலை முடியும் எந்த வேலை முடியாதுன்னு சொன்னா தறில ஒழைச்சவங்களுக்கு சட்டுனு புரியும்.

பிசியோ_அஸ்தம்பட்டி:

இங்க எழுதினவங்க சொன்னதோட சேத்து சிலத சொல்றேன், நான் பிசியோதெரபிஸ்ட், இருந்தாலும் நேர்ல பாக்காம உங்களுக்கு இதுதான்னு சொல்ல முடியாது.

ஸ்கேன் விஷயம் ரொம்ப பேருக்கு குழப்பம். 2015-ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்புல முதுகு வலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேன்கள பாத்தாங்க, 20 வயசுலயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவுல இருக்கற மெத்தை) தேய்மானம் தெரிஞ்சுது, 80 வயசுல 96 சதவீதம். அப்ப தேய்மானம் தெரிஞ்சா வலி இருந்தே ஆகணும்னு இல்ல. அதே போல ஸ்கேன் சுத்தமா இருந்தா வலி பொய்யின்னும் இல்ல, இத உங்க மாமியாருக்கு அப்படியே படிச்சுக் காட்டுங்க. வலி 12 வாரத்த தாண்டினா அத நாள்பட்ட வலிம்போம், அந்த கட்டத்துல காயம் ஆறின பிறகும் நரம்பு மண்டலம் விழிப்பாவே இருந்துரும், திருடனுக்கு குலைச்ச நாய் அப்புறம் பால்காரருக்கும் குலைக்க பழகிடற மாதிரி. வலி நிஜம், ஆனா ஒவ்வொரு வலியும் உள்ள புதுசா ஏதோ உடையுதுன்னு அர்த்தம் இல்ல. தூக்கம் கெட்டாலும் கவலை கூடினாலும் யாரும் நம்பலங்கற வருத்தத்துலயும் இது ஏறும், அதனால நம்பற நாலு பேர் கிட்ட பேசறதுக்கும் சிகிச்சைக்கும் சம்பந்தம் இருக்கு.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டாங்க. வலியப் பத்தி புரிய வைக்கிறது, உடற்பயிற்சி, மனசுக்கான சிகிச்சை இதெல்லாம் அதுல இருக்கு. இடுப்பு பெல்ட், டிராக்ஷன் (முதுகெலும்ப இழுத்து விடற சிகிச்சை) ரெண்டையும் வழக்கமா குடுக்க வேணாம்னு சொல்லியிருக்காங்க. பெல்ட்டுக்கு காசு போடறதுக்கு முன்னாடி யோசிங்க. 2020 கணக்குப்படி உலகத்துல 61.9 கோடி பேருக்கு இடுப்பு வலி, நீங்க தனியா இல்ல.

கொலுசு வேலைக்கு ஒண்ணே ஒண்ணு: சரியான உக்கார்ற விதம்னு தேடி அலைய வேணாம், எந்த விதத்துலயும் ரொம்ப நேரம் இருக்கறதுதான் பிரச்சனை. போன்ல அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை அலாரம் வெச்சு, அடிச்சதும் எந்திரிச்சு வாசல் வரைக்கும் நடந்துட்டு வாங்க. முடிஞ்சா தரைய விட்டு பலகைய உயரத்துக்கு மாத்தி கொஞ்ச நேரம் ஸ்டூல்ல, கொஞ்ச நேரம் தரைல. வலி கம்மியா இருக்கற நாள்ல எல்லா வேலையும் இழுத்துப் போட்டு செஞ்சு அடுத்த நாள் விழறதுதான் உங்க ஆடிப் பண்டிகைல நடந்தது. நல்ல நாள்லயும் பாதில நிறுத்துங்க, மோசமான நாள்லயும் படுத்தே கிடக்காம கொஞ்சம் நடங்க.

இது மட்டும் எல்லாரும் ஞாபகம் வெச்சுக்கணும்: உள் தொடை, மறைவிடம் பக்கம் மரத்துப் போறது, ஒண்ணுக்கு வராம அடைக்கிறது இல்ல தெரியாம போறது, பாதம் தூக்க முடியாம தொங்கிப் போறது, இதுல எது வந்தாலும் குரூப்ல கேட்டுட்டு இருக்காம அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு போயிரணும். காய்ச்சலோட வலி, காரணமில்லாம எடை கொறையறது இருந்தாலும் தள்ளிப் போடாதீங்க. நரம்பு வலி மாத்திரை எழுதிக் குடுத்திருந்தா டாக்டர கேக்காம திடீர்னு நிறுத்தாதீங்க. செலவுக்கு யோசிச்சா ஜிஹெச்ல பிசியோதெரபி இருக்கு. எந்திரிச்சு வரவே முடியாதவங்களுக்கு 2021-ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பண்றாங்க, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

வாழப்பாடி_ரவி90:

எங்க ஊர் பக்கம் ஒருத்தர் முதுகுல மிதிச்சு சரி பண்றாரு, ஒரே தடவைல போயிரும், நம்பர் வேணுமா?

பிசியோ_அஸ்தம்பட்டி:

வேணாம்ங்க. காலுக்கு வலி இறங்கறவங்கள மிதிக்கறது ஆபத்து. நம்பர் இங்க போடாதீங்க.

கொலுசுப்பட்டறை_சிவதாபுரம்:

எல்லாருக்கும் நன்றிங்க. அந்த 37 சதவீதம் பத்தின பத்திய வீட்டுக்காரர் கிட்ட படிச்சுக் காட்டினேன், அவர் ரெண்டு தடவை படிச்சுட்டு அவங்கம்மா கிட்ட அவரே பேசறேன்னு சொன்னாரு. குடம் விஷயம் நான் பேசிட்டேன், "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன"ன்னாங்க. அவசர அறிகுறி எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி காலண்டர் பக்கத்துல ஒட்டியாச்சு.

அம்மாப்பேட்டை அக்கா, உங்க குரூப்ல இடம் இருந்தா சேத்துக்கோங்க. எனக்கு இப்போதைக்கு யோசனை வேணாம், கேட்டுகிட்டா போதும்.

தறி_அம்மாப்பேட்டை:

தனியா மெசேஜ் அனுப்பிருக்கேன் கண்ணு, பாரு. நாங்க ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் பேசுவோம், அது வரைக்கும் தறி சத்தம்.